நாலு ஸ்விட்சும் ஒரு கேட்டும்

நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு ராசி உண்டு: எல்லாம் ஒழுங்காக ஓடினால் "இந்தம்மாவுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பார்கள், நின்றுபோனால் "இந்தம்மா இத்தனை நாளா என்னதான் பண்ணாங்க?" என்று கேட்பார்கள். பதினாலு வருஷமாக இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் சம்பளம் வாங்குகிறவள் நான். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடுகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு. துறைமுகத்திலிருந்து வருகிற கன்டெய்னர்கள் இங்கே இறங்கி, சோதனை முடிந்து, டிரெய்லரில் ஏறி வெளியே போகும். கேட்டில் நம்பர் படிக்கிற ஸ்கேனர், எடைமேடை, கேமராக்கள், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றின் ஒயரும் வந்து சேருகிற இடம் என் அறை. அங்கே ஓர் இரும்பு ராக்கில், தட்டையான நாலு ஸ்விட்ச் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்; விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை, இந்த ஒயர்களையெல்லாம் ஒன்றோடொன்று பேசவைக்கிற பெட்டிகள். நாலையும் பின்பக்கம் கேபிளால் கோத்திருப்பதால் நாலும் சேர்ந்து ஒன்றுபோல வேலை செய்யும். அதில் ஒன்றுதான் தலைவர். தலைவர் மனப்பாடமாக வைத்திருப்பதை மற்ற மூன்றும் அப்படியே கேட்டு நடக்கும். இந்த அடுக்கு படுத்தால் கேட் படுக்கும், கேட் படுத்தால் டிரெய்லர்கள் ரோட்டில் நிற்கும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

மீன் குழம்பு விஷயம்

கேட் சூப்பர்வைசர் டில்லி அண்ணன் எங்கள் யார்டில் என்னைவிடச் சீனியர். பக்கத்துக் குப்பத்துக்காரர். அவருடைய தம்பிகள் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். இவர் மட்டும் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு டிரெய்லர்களை அதட்டுகிறார். மேனேஜர் பக்கத்தில் இருந்தால் என்னை "மேடம்" என்பார், இல்லாவிட்டால் "இன்னாமா".

ஒரு வாரமாக என் அறையில் வஞ்சிர வாசனை. ஏசியைச் சந்தேகப்பட்டேன், ஜன்னலைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் மூக்கையே சந்தேகப்பட்டேன். ராக்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் மேல் ஸ்விட்சின் தலைமேல் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஸ்விட்ச்களின் ஃபேன் சூட்டை வெளியே தள்ளுகிற இடம் அது. காலையில் வைத்தால் ஒரு மணிக்குக் குழம்பு இதமாக இருக்குமாம். "அண்ணே, குழம்பு சிந்தினா யார்டே நின்னுடும்" என்று கத்தினேன். அவர் கேரியரை மெதுவாகத் தூக்கி, மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாமா நீ, உன் மிசினு நாள் பூரா சும்மா அனல் ஊதிக்கினு கீது, அத்த வேஸ்ட்டு பண்ணாம நான் சோத்த சூடு பண்ணிக்கினேன், இதுல இன்னா தப்பு?"

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கேரியரை ராக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் வைக்கலாம், ஸ்விட்ச் மேல் வைக்கக் கூடாது. அதன்பிறகு தினமும் ஒரு மணிக்கு அவர் என் அறைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. அவர் முதல் நாள் ஸ்டூலைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "சூடு கொஞ்சம் கம்மிதான், பரவால்ல, உனுக்காண்டி துன்றேன்."

ரப்பர் தொப்பி

இது முழுக்க முழுக்க என் தப்பு. நெட்வொர்க் கேபிளின் நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், தொட்டால் உடையும். அது உடையாமலிருக்க அதன்மேல் ரப்பர் தொப்பி போட்ட நீலக் கேபிள்களைத் தேடிப் பிடித்து வாங்கினேன். ஒரு நாள் காலையில் எல்லாவற்றையும் மாற்றி, தள்ளி நின்று பார்த்து, கல்யாண மண்டபத்துக்குச் சீரியல் லைட் போட்டவள்போல் சந்தோஷப்பட்டேன். பதினோரு மணிக்கு யார்டு முழுக்க நின்றது.

தலைவர் ஸ்விட்சுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. நேற்றுக் கடையிலிருந்து வந்ததுபோல் மலங்க மலங்க விளக்கு எரிகிறது. தலைவருக்கு மறந்தால் நாலுக்கும் மறதி. அந்த ஞாபகத்துக்கு என்னிடம் இருந்த நகலோ எட்டு மாசப் பழசு. அதை ஏற்றி, விட்டுப்போனதையெல்லாம் ஞாபகத்திலிருந்து தட்டி, கேபிள்களைச் செருகினால் மறுபடியும் மறந்துவிட்டது. மூன்று தடவை இப்படி. மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது. கேபிள் செருகுகிற முதல் துளைக்கு நேர் மேலே ஒரு குட்டிப் பட்டன் இருக்கிறது. பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் ஸ்விட்ச் தன் ஞாபகம் எல்லாவற்றையும் அழித்துவிடும். நான் ஆசையாக வாங்கிய ரப்பர் தொப்பி அந்தப் பட்டன்மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

இரண்டரை மணி நேரம். டிரெய்லர் வரிசை பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருந்தது. டிரைவர்கள் இறங்கி நின்று கேட்டுக்குள் பார்த்துத் திட்டினார்கள். எங்கள் மேனேஜர் வரதராஜன் சார் குரலை உயர்த்தாதவர், அதுதான் அவரிடம் பயமே. காரணத்தைக் கேட்டார். "ரப்பர் தொப்பி சார்" என்றேன். ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னொரு தடவை கேட் அரை மணி நேரத்துக்கு மேல நின்னுதுன்னா, இந்த வேலையை வெளிக் கம்பெனிகிட்ட கொடுத்துடுவேன். உங்க மேல கோபம் இல்ல கற்பகம், எனக்கு அந்த லாரி வரிசை மேலதான் பயம்."

காற்றோட்டம்

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வெளிக் கம்பெனி வந்தால் எனக்கு இங்கே வேலை கிடையாது. நாற்பத்தியிரண்டு வயதில், வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, புதிதாக இன்னோர் இடத்தில் "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்கிற பிள்ளைகள் முன்னால் உட்கார என்னால் முடியாது. ஆகவே தினமும் ஸ்விட்ச்களைக் கழற்றாத குறையாகச் சோதித்தேன். அப்போதுதான் தெரிந்தது, மூன்றாவது ஸ்விட்ச் சுகமில்லாமல் இருக்கிறது. ஃபேன் முனகுகிறது, துளைகளின் உள்ளே செம்புக் கம்பிகளில் பச்சை பூத்திருக்கிறது, மேலே அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து பறந்து வருகிற மெல்லிய சாம்பல். ஜன்னலை எப்போதும் மூடிய ஏசி அறையில் உப்பும் சாம்பலும் எப்படி வரும்?

ஒரு நாள் ஏழு மணிக்கே போனேன். ஜன்னல் அகலத் திறந்திருக்க, கடல் காற்று நேராக ராக்கில் மோதிக்கொண்டிருக்கிறது. ரோஸி அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஹவுஸ்கீப்பிங். கல்மண்டபத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். மூன்று வருஷமாக, நான் வருகிற ஒன்பது மணி வரைக்கும், தினமும் திறந்து வைக்கிறாராம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் அக்கா என்று விளக்கி, ஜன்னலுக்கு ஸ்க்ரூ அடித்தேன். அவர் ஸ்க்ரூவைப் பார்த்தார், ராக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்த பார்வையில் நல்ல மரியாதை இல்லை: "வாயில்லா ஜீவன் மேடம் அது, ராத்திரி பூரா பூட்டி வெச்சா அதுக்கு மூச்சு முட்டாது?"

அளக்க வந்தவர்

கேட் நிற்காவிட்டாலும், எதற்கும் விவரம் கேட்டு வைப்போம் என்று மேனேஜர் ஒரு வெளிக் கம்பெனியைக் கூப்பிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் லேப்டாப் பையோடு ஒருவர் வந்தார். என் வேலையை அளந்து எழுதிக்கொண்டு போக வந்தவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்து, நானே விளக்க வேண்டும். நம் வீட்டுக்குக் குடிவரப் போகிறவருக்கு எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும் என்று காட்டுவதுபோல் இருந்தது. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் ஒன்றையும் ஒளிக்காமல் இரண்டு நாள் சொன்னேன்.

அவருக்கு என் லேபிள்கள்தான் சிக்கல். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கேபிள்கள். ஒவ்வொன்றிலும் எனக்குப் புரிகிறமாதிரி, அந்தந்த நேரத்துக் கோபத்தில், தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். "டில்லி மேஜை." "கேன்டீன், எலி கடித்தது, மாற்றியாச்சு." "கிரேன் வந்தால் கூத்தடிக்கும்." அவர் ஒவ்வொன்றாகப் படித்து லேப்டாப்பில் ஏற்றினார். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கேபிளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடல் பக்கத்துச் சுவரில் இருக்கிற கேமரா, பனிக்காலம் வந்தால் கண்ணாடிக்கு உள்ளே நீர் கோத்துச் சொட்டும். அதை அப்படியே எழுதியிருந்தேன். பாவம், அவர் ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார்: "மேடம், 'அழுகிற கேமரா'ங்கறதை எங்க ஃபார்ம்ல எந்தக் கட்டத்துல போடறது?"

மூன்றாவது இடம்

வெளிக் கம்பெனியின் பதில் வெள்ளிக்கிழமை வரும், அன்றைக்கு முடிவெடுக்கலாம் என்றார் மேனேஜர். செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஸ்விட்ச் செத்தது. அதில் கேட் இல்லை என்பதால் தப்பித்தேன். அதன் கேபிள்களை மற்ற மூன்றில் காலியாக இருந்த துளைகளில் பிரித்துச் செருகினேன். ஆனால் பாரம் கூடியதும் இரண்டாவது ஸ்விட்சும் முனக ஆரம்பித்தது. கேட் அதில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட முடியாது. மூடிவிட்ட எங்கள் இன்னொரு யார்டில் சும்மா கிடந்த ஸ்விட்ச் ஒன்று வியாழக்கிழமை காலை வந்து சேர்ந்தது.

சக பாவிகளுக்கு இங்கேயே வியர்க்க ஆரம்பித்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஓடுகிற அடுக்கில் புதிய ஸ்விட்சைச் சேர்க்கும்போது, அது தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். கேபிளை முதலில் கோத்து, கரண்ட்டைக் கடைசியில் கொடுத்தால், "நான் புதுசு" என்று அடங்கி உட்காரும். ஏற்கெனவே விழித்திருக்கிற ஸ்விட்சைக் கோத்தால், யார் தலைவர் என்று தேர்தல் நடக்கும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு எண் கொடுத்திருப்போம். பெரிய எண் உள்ளது ஜெயிக்கும். தோற்றவர்கள் எல்லாம் அணைந்து, மறுபடி எழுந்து, ஜெயித்தவர் சொல்படி நடப்பார்கள். இந்த ஸ்விட்ச் அந்த மூடிய யார்டில் தலைவராக இருந்தது. இருப்பதிலேயே பெரிய எண் அதனிடம்தான். அதனால் முதலில் மேஜைமேல் வைத்து ஓடவிட்டு, அதன் எண்ணை ஒன்று என்று குறைத்தேன். மற்ற ஞாபகத்தை அழித்தேன், அந்த எண் மட்டும் அதில் அழியாது. அணைத்தேன். டிரெய்லர்கள் கம்மியாக வருகிற ஒரு மணிக்கு, சாப்பாட்டுக்கு வந்த டில்லி அண்ணனை முன்பக்கம் தாங்கச் சொல்லி ராக்கில் ஏற்றி ஸ்க்ரூ போட்டேன். கேபிள் கோக்கப் போகும்போது மேனேஜரிடமிருந்து போன் வந்தது. நாளைக்குப் பத்து மணிக்கு அவர் அறைக்கு வரவேண்டுமாம். ஆபீஸ் வராந்தாவில் நின்று ஐந்தாறு நிமிஷம் பேசினேன். திரும்பி வந்து, ராக்கின் பின்பக்கம் குனிந்து இரண்டு கேபிளையும் கோத்தேன். நிமிர்ந்து முன்னால் வந்தால் புதிய ஸ்விட்சில் விளக்கு எரிகிறது.

"கரண்ட்டு ஒயரு தொங்கிக்கினு இருந்திச்சிமா. நீ வர்றதுக்குள்ள ஒரு வேலைய முடிப்போமேன்னு சொருவிட்டேன்" என்றார் டில்லி அண்ணன், பெருமையாக. என் முகத்தைப் பார்த்ததும் பெருமை போய்விட்டது. எண்ணைக் குறைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. குறைத்ததைச் சேமித்தேனா? அது ஞாபகம் இல்லை. சேமிக்காமல் அணைத்திருந்தால் பழைய எண் திரும்பி வந்திருக்கும், புதியது ஜெயிக்கும், மற்ற மூன்றும் அணையும், கேட் போகும், என் வேலையும் போகும். இப்போது கேபிளைப் பிடுங்கினால் இன்னும் குழப்பம். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வழியில்லை. "தாயே வடிவுடையம்மா" என்றார் அண்ணன். நான் ஜன்னல் கண்ணாடி வழியாகக் கேட்டின் தடுப்புக் கட்டையையே பார்த்தேன். ஒரு டிரெய்லர் வந்தது. கட்டை மேலே போனது. அடுத்தது வந்தது. கட்டை கொஞ்சம் தயங்கியது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது, பிறகு போனது. சட்டென்று அண்ணன் என் தோளைத் தட்டினார். புதிய ஸ்விட்சின் விளக்குகள் மட்டும் மொத்தமாக அணைந்துகொண்டிருந்தன. தோற்றது அதுதான். மற்ற மூன்றும் பச்சையாக எரிந்தன. வெளியே மூன்றாவது டிரெய்லருக்குக் கட்டை மேலே போனது.

சேமித்திருக்கிறேன். கை செய்ததை மனசு குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் புதியது மறுபடி எழுந்து மூன்றாமிடத்தில் அடக்கமாக உட்கார்ந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்படியொரு நிம்மதி எனக்கு என் பெண் பரீட்சை பாஸானபோதுகூட வரவில்லை. டில்லி அண்ணன் ஸ்டூலிலிருந்த கேரியரை எடுத்துத் தரையில் வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்து, மூடியில் சோற்றைப் போட்டு என் பக்கம் நகர்த்தினார். "நான் கரண்ட்டு குட்த்தத மேனேஜராண்ட சொல்லிடாதமா, நீ அழுதத நானும் எங்கியும் சொல்ல மாட்டேன்."

பத்து மணி

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் அறையில் நின்றேன். மனசு கேட்கவில்லை, டில்லி அண்ணன் பேரைச் சொல்லாமல், நேற்று ஒரு மணிக்கு ஸ்விட்ச் மாற்றியதையும் ஏடாகூடமாகப் போகவிருந்ததையும் சொன்னேன். "கேட் நின்னுதா?" என்றார். இல்லை சார் என்றேன். "நின்னிருந்தா இந்தக் கவரை நான் பிரிச்சே பார்த்திருக்க மாட்டேன், கையெழுத்தைப் போட்டு அனுப்பியிருப்பேன்" என்று சொல்லி, மேஜைமேலிருந்த ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். வெளிக் கம்பெனியின் கடிதம். வேலையை எடுத்து நடத்த அவர்களுக்கு என்னென்ன தேவை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். புதிய ராக், புதிய ஏசி, உதிரி ஸ்விட்ச் எல்லாம் கீழே இருந்தன. முதல் வரி: தற்போதைய பொறுப்பாளர் திருமதி கற்பகம் குறைந்தது இரண்டு வருஷம் எங்களுடன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறுப்பேற்க இயலாது.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிப்பதற்குள் அவர் காகிதத்தை வாங்கி டிராயருக்குள் போட்டுவிட்டார். "உங்க வேலையை எடுத்துக்கறதுக்கு உங்களையே கேக்கறாங்க, அதுக்கு நடுவுல அவங்க எதுக்குங்க? போங்க கற்பகம், அந்த ரெண்டாவது ஸ்விட்ச் ஃபேனை மாத்துங்க."

பதினாலு வருஷத்தில் நான் இல்லாமல் வேலை நடக்காது என்று எழுத்தில் எழுதிக் கொடுத்தது, என்னை வீட்டுக்கு அனுப்ப வந்த கம்பெனி மட்டும்தான்.